அப்செட் இல்லை, ஃப்யூரியஸ்

கோணல்மாணலாகத்தான் எழுத வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மருமகள் வினிகர் பாட்டிலைத் திறந்ததும், அந்த வாசனையில், தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா பாத்திரம் தேய்த்த டெய்சி மேடத்தின் சமையலறைக்கே போய்விட்டேன். கேக் அமுங்கிப்போனால் மேடம் "அப்செட்" என்று சொல்லி மூடியை மெல்ல வைப்பார். அவருடைய வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் "ஃப்யூரியஸ்" என்று மேடம் போடும் சத்தத்தில் சுவரில் தொங்கும் வாணலிகள் அதிரும், அந்த மனிதர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை.

அந்த நேரம் பார்த்து, என்னைக் கேட்காமல் என் சேலையூர் வீட்டை விற்கப் பேசிவிட்டு வந்த மகன், "அப்செட் ஆவாதம்மா" என்றான்.

எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத நான், "அப்செட் இல்லடா, ஃப்யூரியஸ். கையெழுத்துப் போடமாட்டேன், போ" என்றேன்.

குவார்ட்டர்ஸ் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்துவிட்டது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் சொன்ன சொல்லைத் திருத்த வேண்டாம்.