ஒயர்களுக்கு ஊர்ப் பெயர் வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்கு அக்கா போன் செய்தாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதலில் "சாப்டியா?" என்று கேட்பது அவள் வழக்கம். அன்று "மாமா பூட்டாருடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கிறது. வயது ஐம்பத்து மூன்று. பொங்கல் முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

மாமா என்பது அக்காள் கணவர் கொளஞ்சி. சிதம்பரத்தில் கடலூர் ரோட்டில் இருபத்திரண்டு வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாம் வகுப்பு தேறவில்லை. முதலில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டினார், பிறகு கார்களுக்கு வந்தார். மோட்டார் பேசாது, கார்க்காரன் பேசுவான், அதுதான் கஷ்டம் என்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல, போன கார்த்திகையில் நடந்த ஒரு கார் விஷயம் போதும்.

கிள்ளைக்காரர் ஸ்ரீதர் ஐப்பசி மழையில் தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் தண்ணீரைக் குடித்து உடைந்தது. அவர் மனைவி பொன்னிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கடலூரில் டயாலிசிஸ். கார் போன பிறகு கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடலூருக்கு ஒரு பஸ். ஒருநாள் திரும்பி வரும்போது பொன்னி சிதம்பரம் பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தார். மறுநாள் ஸ்ரீதர் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மாமா கடையை ஒட்டிய ஷெட்டில் மெக்கானிக் ராஜவேல் இருக்கிறார். விபத்தில் நசுங்கிய ஒரு காரின் இன்ஜினை வாங்கி வந்தார்கள். அதே கம்பெனி, மூன்று வருடம் புதிய மாடல். ராஜவேல் இரண்டே நாளில் இன்ஜினை மாட்டிவிட்டு, "என் வேல முடிஞ்சிது. இனிமே ஓடலன்னா கொளஞ்சியக் கேளுங்க" என்று ஸ்ரீதரிடம் சொல்லிவிட்டார்.

புது இன்ஜினின் ஒயர்களும் பழைய காரின் ஒயர்களும் ஒன்றோடொன்று சேராது. நிறம் வேறு, சாக்கெட் வேறு. மாமாவுக்கு இதற்கென்று ஒரு முறை உண்டு. பேட்டரி சிதம்பரம். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி கடலூர். நடுவில் ஒயர் எங்கெல்லாம் சேர்கிறதோ அதெல்லாம் பஸ் நிற்கும் ஊர்கள். துணி டேப்பில் பேனாவால் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று எழுதி ஒயரில் சுற்றிவிடுவார். மீட்டரை வைத்து ஒவ்வோர் ஊரிலும் கரண்டு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போவார். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். முதன்முதலில் அதைப் பார்த்தபோது சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

நான்காம் நாள் கார் ஸ்டார்ட் ஆனது. நன்றாகவே ஓடியது, ஹெட்லைட்டைப் போடும்வரை. லைட்டைப் போட்டாலோ ரேடியேட்டர் ஃபேன் சுற்றினாலோ டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன்பின் முழுதாக மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. லைட் போடாமல் பகலில் ஓட்டலாம் என்று ராஜவேல் யோசனை சொன்னார். ஃபேனுக்கு அவரிடம் யோசனை இல்லை.

மாமா இரண்டு சென்சாரை மாற்றிப் பார்த்தார். மாறவில்லை. சனிக்கிழமை லேப்டாப்போடு என்னை வரச்சொன்னார். காரோடு இணைத்துப் பார்த்தால் காற்று, சூடு, டீசல் அழுத்தம், ஆக்சிலேட்டர் மிதி என்று நான்கு சென்சாரிலும் கோளாறு காட்டியது.

"கம்ப்யூட்டர் பெட்டி போயிடுச்சி மாமா, அதை மாத்திடுங்க" என்றேன்.

"நாலும் ஒரே நேரத்துல கெட்டுப்போவுமா மச்சான்?"

"அதனாலதான் பெட்டின்னு சொல்றேன்."

"ஆபீஸ்ல நாலு பேரு ஒரே நாள்ல லீவு போட்டா காய்ச்சலா அது? எங்கியோ கல்யாணம். எங்கன்னுதான் பாக்கணும்."

அதற்குள் ஸ்ரீதரின் சொந்தக்காரர்கள் காரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீதர் மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் தினமும் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். அது சொல்வதைவிட மோசம் என்று அக்கா சொன்னாள். மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீதரும் பொன்னியும் கடலூரிலிருந்து திரும்பும் வழியில் கடைக்கு வந்தார்கள். பொன்னி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பஸ்ஸு ரொம்பக் கஷ்டமாம்மா?" என்று மாமா கேட்டார்.

"போறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா, ஏறிக் குந்திக்கினா கடலூரு. திரும்பி வர்றதுதான் உசுரு போவுது. எடமும் கெடைக்காது, நிக்கவும் முடியாது."

மாமா டீ வாங்கிவரப் போனார். பொன்னி அதிகம் குடிக்கக் கூடாது என்பது தெரிந்து அரை டம்ளர் வாங்கி வந்தார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குப் போனில் கூப்பிட்டார்.

"மச்சான், கடலூருக்குப் போற பஸ்ஸையே பத்து நாளாப் பாத்துக்கினு இருந்திருக்கேன். வர்ற பஸ்ஸப் பாக்கல."

கரண்டு போனால் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வரவேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குப் பெயர் எர்த்து; நான்கு சென்சாருக்கும் அது ஒன்றுதான். நான் போய்ச் சேர்ந்தபோது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் எர்த்திலும் வைத்திருந்தார். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். ஹெட்லைட் போட்டதும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பொன்னி சொன்னதைக் கேட்டுத்தான் தோன்றியதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பேட்டரிக்குக் கீழே எர்த்து ஒயர்கள் எல்லாம் சேரும் போல்ட்டைக் கழற்றினார். அடியில் காய்ந்த மஞ்சளாக ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்பு. மாமா அதை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

சந்தனம். குங்குமப் பொட்டோடு.

இன்ஜினைக் காருக்குள் இறக்கிய நாள் வெள்ளிக்கிழமை. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, காருக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். எர்த்து நன்றாகப் பிடிக்கவேண்டுமென்று அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தவர் மாமா. மழைத் தண்ணீரில் கிடந்த காரில் அது ஒன்றுதான் சுத்தமான இடம். அதனால் பொட்டையும் அங்கேயே வைத்திருக்கிறார். அதன்மேல் ராஜவேல் ஒயரை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டார். சந்தனம் காய்ந்ததும் ஒயர் இரும்பைச் சரியாகத் தொடவில்லை.

ராஜவேல் எட்டிப் பார்த்தார். "யாரு வச்சது?"

"நான்தான்."

"சாமி கும்பிடாதவன்கிட்ட வுட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"போல்ட்டு முறுக்கறப்ப நீ கண்ண மூடிக்கினியா?"

"பொட்டு மேல கை வைக்கலாமா கூடாதான்னு யோசிச்சேன். அப்புறம் முறுக்கிட்டேன்."

மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார்கள். ஹெட்லைட், ஃபேன், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கடலூர் வரை போய் வந்தோம். நல்ல வெயில், மழை இல்லை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். மஞ்சள் விளக்கு எரியவில்லை.

ஸ்ரீதரிடம் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மாமா சொன்னார். ஸ்ரீதர் குனிந்து அந்த போல்ட்டைப் பார்த்தார். பொன்னி, "எங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான வச்சீங்க. வுடுங்கண்ணா" என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை காரில் போய்க் காரில் திரும்பினார்கள். அதற்கப்புறம் ஒரு நாளும் அவர்கள் பஸ் ஏறவில்லை. வேறு எவ்வளவோ கார்களைச் சரி செய்த மாமா, அந்த ஒரு காரை மட்டும் அது கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்ப்பார் என்று அக்கா சொல்கிறாள்.

மாமா இறந்த அன்று ஸ்ரீதர் பொன்னியைக் கடலூரில் டயாலிசிஸ் முதல் ஷிப்டுக்கு விட்டுவிட்டு, அங்கேயே இருக்கும் என் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். டீசல் காட்டும் முள் பாதியில் நின்றது.

"அது எப்பவும் அங்கதாங்க நிக்கும், காலி டேங்குலகூட. பொங்கலுக்கு அப்புறம் கொண்டாங்க, சேத்துத் தர்றேன்னாரு."

டேங்கிலிருந்து வரும் ஒயரை அந்த முள் இருக்கும் பழைய டீசல் மீட்டரோடு சேர்க்கவேண்டும். அரை மணி நேர வேலை. ஒயரில் பரங்கிப்பேட்டை என்று மாமா எழுதிய துணி டேப் சுற்றியிருக்கிறது. இன்னும் சேர்க்கவில்லை.