புது டிஸ்க் மாட்டிய சனி, ஞாயிறு

எங்கள் வீட்டு லேப்டாப் ஒரு புதன்கிழமை காலையில் உயிரை விட்டது. அலறவில்லை, புகையவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி: டிஸ்க் இல்லை. இருபது தடவை அணைத்துப் போட்டாலும் அதே வரியைத்தான் சொன்னது. பேச்சு மாறாத லேப்டாப்.

அடுத்த திங்கட்கிழமை காலை எனக்கு இண்டர்வியூ. மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். அவள் இப்போது யூகேஜி. அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்க, ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிட்டிருந்தது. கணக்குப் பிரிவு வேலை. வீடியோவில் பேச வேண்டும், அவர்கள் கண்ணெதிரே எக்செல்லில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். போனில் செய்யக்கூடாது என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கணவரின் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிச் செய்யலாம் என்றால், அதில் வேறு யாராவது கை வைத்தால் அவர் வேலைக்கே உலை. எனக்கு ஒரு வேலை வருவதற்காக வீட்டில் இருக்கிற ஒரே வேலையையும் விடுவதா?

கணவர் ஐடியில் இருக்கிறார். யாரோ எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். ஆனால் ஐடி என்று சொல்லிவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் டிவி ரிமோட் முதல் மோட்டார் சுவிட்ச் வரை அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவரும் முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரி செய்ததாகவும் எனக்கு நினைவில்லை.

"கடையில குடுத்துடலாம்ங்க" என்றேன்.

"இதுக்கெல்லாம் கடையா? நாலு ஸ்க்ரூ. எஸ்எஸ்டி டிஸ்க் செத்திருக்கும். புதுசு வாங்கி மாட்டினா முடிஞ்சுது."

அடிப்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். ஹார்ட் டிஸ்க் என்றால் டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பபுள்கம் பட்டை அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பொடிப்பொடியாகக் கோடுகள். அந்த ஓரத்தைத்தான் லேப்டாப்புக்குள் சொருக வேண்டுமாம். அதே மாதிரி புதிது ஒன்றுக்கு ஆர்டர் போட்டார்.

இந்த இடத்தில் என் மாமியாரைச் சொல்லியாக வேண்டும். நான் கும்பகோணம் பக்கம். அவர் சென்னையில் அம்பத்தூரை ஒட்டிய இந்தக் கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, இங்கேயே இருப்பவர். அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டினால் அவருக்கு வெளியூர். இண்டர்வியூ விஷயத்தை அவரிடம் சொன்னபோது "ம்" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த 'ம்'மை நான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். புடவை நன்றாக இருந்தாலும் ம். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தாலும் ம். இந்தத் தடவை அதற்கு 'இப்ப எதுக்கு இந்த வேலை, பிள்ளையை யார் பார்ப்பது' என்று பொருள் எடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்த பயத்தில் வேறு பொருள் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தது. கணவர் பிரித்து, டிஸ்க்கை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பி ரசித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அப்புறம்தான் எங்கள் வீட்டு ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் அடுப்புக்கும் ஃபேனுக்கும் ஆனவை, அடிமூடியைக் கழற்றினாலும் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் பொடி ஸ்க்ரூவுக்குள் நுழையாதவை என்று அவருக்குத் தெரிந்தது. பொடி ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவரக் குமணன்சாவடியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குமணன்சாவடி சிக்னலில் மாட்டியவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மாட்டினார். கையுறை இல்லை என்பதால் இரண்டு விரல் நுனியால் பக்கவாட்டில் மட்டும் பிடித்துச் சொருகினார். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். ஸ்க்ரூவை முடுக்கி, சாமி கும்பிடாத குறையாக பட்டனை அழுத்தினார்.

டிஸ்க் இல்லை.

"இரு, இரு. வந்துடும்" என்றார். கழற்றி மாட்டினார். டிஸ்க் இல்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். மிச்சமிருக்கிற கரண்ட் எல்லாம் இறங்கிவிடுமாம். அவர் முகத்தில் இருந்த கரண்ட்தான் இறங்கியது. பிறகு லேப்டாப் ஆரம்பிக்கும்போது வரும் நீலப் பக்கத்துக்குள் போய் எதையெதையோ மாற்றினார். அந்தப் பக்கத்தில் மெமரி இருந்தது, பேட்டரி இருந்தது, மணி சரியாக இருந்தது. டிஸ்க் என்ற இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. நடுவில் ஒருவர் இந்தியில் பேசும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது.

மாமியார் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

"இன்னாடா, டிஸ்க்கு உள்ள கீதா இல்லியா?"

"இல்லம்மா. டிஸ்க்கையே காட்ட மாட்டேங்குது."

"ம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு இதில் சந்தோஷம்தான் என்று மனதில் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் டிஸ்க்கை வாங்கி, தன்னிடம் இருந்த ஒரு டப்பாவில் சொருகி, தன் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடம் பார்த்தார்.

"பீஸ் டெட்டு, சார். ரிட்டர்ன் போட்டுருங்க. வேற அனுப்புவான்."

"எப்ப வரும்?"

"புதன், வியாழன் ஆவும்."

"உங்ககிட்ட இதே மாதிரி இருக்கா?"

"இந்த மாடலுக்கு இப்ப ஸ்டாக் இல்ல. திங்கக்கெழம மதியானம் வாங்க."

திங்கட்கிழமை மதியம் நான் எதற்கு வர வேண்டும்? ஊர்வலம் போன பிறகு கொட்டு அடிக்கவா? வண்டியில் வீடு வரும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் கண்ணாடியை என் முகம் தெரியாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், திருப்பி அனுப்புவதற்காக டிஸ்க்கை அதன் பிளாஸ்டிக் தட்டில் வைக்க எடுத்தேன். செத்துப்போனதற்கு என்ன மரியாதை? பக்கவாட்டில் எல்லாம் பிடிக்கவில்லை, கொத்தாகப் பிடித்தேன். என் கையில் சாப்பிட்டுக் கழுவிய ஈரம் இருந்தது. தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது.

முகர்ந்து பார்த்தேன். மஞ்சள்தான். கடையில் விற்கிற மஞ்சள்தூள் இல்லை, கல்லில் உரசிய விரலி மஞ்சள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தங்கக் கோடுகளின் இரண்டு முனையிலும் மஞ்சள் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. தங்கத்தின் மேல் மஞ்சள் இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? எதிர் ஓரத்து மூலைகள் இரண்டிலும் அதேபோல இருந்தது. நாலு மூலைக்கும் வைத்தாயிற்று. புது நோட்டுக்கும் புதுத் துணிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வைப்போமே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மஞ்சள் உரசுகிற ஆள் ஒருவர்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆறு வருஷமாக வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக மாமியார் முன்னால் போய் நின்றேன். அவர் பகல் தூக்கத்துக்குத் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இதுல மஞ்சள் வெச்சீங்களா?"

"ஆமா, வெச்சேன். இன்னா இப்போ?"

"இதுல போயி எதுக்கு வெச்சீங்க? இதனாலதான் ரெண்டு நாளா வேலை செய்யல! நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னா நேராச் சொல்லிடுங்க, அத்தை!"

அவர் தலையணையைக் கீழே வைத்தார்.

"இன்னாமா இப்டி பேசற? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்த பொருளு. நீ வேலைக்குப் போறதுக்குன்னு வாங்குனது. அத்தப் போயி வெறுமனே மாட்டுவாங்களா? எம்புள்ளைக்கு மொதமொத வேல கடுதாசி வந்தப்போ வெச்சேன். வண்டி எடுத்தப்போ வெச்சேன். உனக்கு மட்டும் வெக்காம உட்டா அது இன்னா நாயம்? குங்குமங்கூட வெக்கல, பொடி உள்ள உழுந்துடுமேன்னு."

வரிசையில் நின்ற வார்த்தைகள் எல்லாம் கலைந்துபோயின. அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் எதிரில் அழுதது அதுதான் முதல் தடவை.

"அய்ய, இன்னாத்துக்கு அழுவுற? தொடச்சா போயிடாதா?" என்றார். அவர் குரலும் அவ்வளவு திடமாக இல்லை.

துடைத்தால் போகிற சாமானா மஞ்சள்? வேட்டியிலிருந்தே போகாது. கணவரை எழுப்பினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் டிஸ்க்கையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று தலைமுறையாக இந்த வீட்டில் மஞ்சள் வைத்து எதுவும் கெட்டுப்போனதில்லை என்ற மாதிரி அம்மா முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கணவர் மகளின் பென்சில் ரப்பரை எடுத்துத் தங்கக் கோடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் தேய்த்தார். கொரோனாக் காலத்துச் சானிடைசர் ஒரு பாட்டில் இருந்தது, அதைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். லேப்டாப்புக்குள் சொருகும் பள்ளத்தையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். ரப்பர் தூள் மஞ்சளாக உதிர்ந்தது.

"டேய், அந்தாண்ட கீற ரெண்டு மூலையத் தொடச்சிடாத. அது இன்னா செய்யப்போவுது?" என்றார் மாமியார்.

கணவர் நியாயமாக யோசித்தார். அந்த ஓரத்தில் கரண்ட் இல்லை. விட்டுவிட்டார்.

காய்ந்ததும் மாட்டி, பட்டனை அழுத்தினார். நீலப் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில், அதன் பெயரும் அளவும் எதுவுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்திருந்தன. கணவர் கையைத் தட்டினார். விளக்கேற்றும் நேரத்துக்குள் விண்டோஸ் ஏறி, எக்செல் திறந்து, வீடியோவில் என் முகமும் வந்துவிட்டது. மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "மூஞ்சி கறுப்பாத் தெரியுது. ஜன்னலாண்ட ஒக்காரு" என்றார்.

திங்கட்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எக்செல் கணக்கு நல்லபடியாகப் போனது. நடுவில் வெங்காயம் விற்கிற குட்டி யானை வண்டி ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "நைனா, அத்த நிறுத்து! உள்ள எம்மருமவ பேசிக்கினு கீறா!" ஒலிபெருக்கி நின்றுவிட்டது. அதைவிட இவர் குரல்தான் பெரிது. திரையில் இண்டர்வியூ எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டார். குழந்தை சின்னது போலிருக்கிறதே, நீங்கள் ஆபீஸ் வந்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

இதற்கு ஒரு பதிலை ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டே கேர், கணவரின் ஷிப்ட், சனிக்கிழமை விடுமுறை என்று கோர்வையாக இருக்கும். அதைச் சொல்லவில்லை. "என் மாமியார் பார்த்துப்பாங்க" என்றேன்.

வேலை கிடைத்தது, செய்தி அந்த வாரக் கடைசியில் வந்தது. ஆனால் அன்றைக்கு லேப்டாப்பை மூடியதும்தான் எனக்கு உறைத்தது. சொன்னது அவரைக் கேட்காமல் சொன்ன வார்த்தை. எழுந்து வெளியே போனேன். வண்டியை நிறுத்தச் சொன்ன பாவத்துக்கு இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு மாமியார் படியேறி வந்தார்.

"அத்தை, உங்களைக் கேக்காம ஒண்ணு சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"நான் வேலைக்குப் போனா பாப்பாவை நீங்க பாத்துப்பீங்கன்னு."

வெங்காயப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"பின்ன? வேற யாரு பாப்பாங்க? நானும்தான் ஆறு வருசமாப் பாத்துகினு கீறேன், நீ எப்போ கேப்பேன்னு. நீ கேக்கவே இல்லியே."