சிவப்பைப் பச்சையாக்கும் கட்டைவிரல்

கருவியின் திரையில் சிவப்பு விழுந்ததும் மேற்பார்வையாளர் எழுந்து வருகிறார். கருவியின் முன் இருக்கும் பெண்ணிடம் "நகரும்மா" என்கிறார். தாங்கியில் கிடக்கும் கண்ணாடியின் நடுவில் கட்டைவிரலை வைத்து இதமாக அழுத்திக்கொண்டே, மறு கையால் பொத்தானைத் தட்டுகிறார். இப்போது பச்சை. "பாத்தியா? கண்ணாடிக்கும் மூட் இருக்கும்மா. கொஞ்சம் அன்பா பிடிக்கணும்."

செல்போனின் முகத்தில் ஒட்டும் கண்ணாடி அது. இரண்டு ஓரமும் வளைந்து இறங்கும். அந்த வளைவு சரியா என்று ஓரத்தில் ஒளியை ஓடவிட்டுப் பார்த்துக் கருவி சொல்லும். நடுவில் இருக்கும் விரல் அதன் கண்ணில் படாது. அழுத்திக்கொண்டிருக்கும்வரை மெல்லிய கண்ணாடி வளைந்துகொடுக்கும். விரலை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். தரச்சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளராக இத்தனை காலத்தில் அவர் செய்த ஒரே ஆராய்ச்சி இதுதான். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பச்சையண்ணன். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறார்.

அந்தக் கருவியைச் சரிபார்க்க மாதாமாதம் போகிறவன் நான். போனால் உபதேசம் இலவசம். "மெஷினுக்கு என்ன சார் தெரியும்? சொன்னதையே சொல்லும்." சொந்தப் பொருள் என்றால் மட்டும் மனிதர் வேறு ஆள். சட்டையில் ஒரு தையல் விலகியிருந்தால் போதும், கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். தக்காளியைக்கூட ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாராம். "நம்மள யாரும் ஏமாத்த முடியாது சார்" என்பார், மிகுந்த பெருமையோடு.

கருவியின் முன் உட்காரும் அந்தப் பெண்ணை வாய் நிறையத் தங்கச்சி என்பார். அவளுக்குத் தற்காலிக வேலை. இந்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தாள். சிவப்பு விழுந்த கண்ணாடியை அவள் ஒதுக்கப் போனால் இவர் விடமாட்டார். "ஒதுக்கிட்டே போனா மேல யாரு பதில் சொல்றது? அண்ணன் இருக்கேன்ல, எதுக்குப் பயம்?" அழுத்துவது அவர் விரல். திரையில் பதிவாவது அவள் பெயர்.

போன வாரம் கண்ணாடிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. போனில் ஒட்டிய பிறகு ஓரம் தூக்கிக்கொண்டதாம். மேலாளர் என்னை வரவழைத்து, கருவியின் பக்கத்திலேயே விசாரணையை வைத்தார். கருவியில் குறையில்லை என்றேன். அழுத்தி அளந்திருக்கிறார்கள், அழுத்துகிறவர் பச்சையண்ணன்தான் என்றும் சொன்னேன். "அதெல்லாம் நாங்க உள்ள பேசிக்கறோம்" என்று மேலாளர் என் வாயை அடைத்தார். பதிவில் இருந்த பெயரே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் பெண் பச்சையண்ணன் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலாளர் பக்கம் திரும்பினார். "சின்னப் பொண்ணு சார். தெரியாம பண்ணிடுச்சு. திட்டாம அனுப்புங்க."

என்ன ஒரு கருணை. தான் செய்த தப்புக்கு அடுத்தவளுக்காகப் பரிந்து பேசத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

அவள் அழவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். அவள் வெளியே போய்ச் சேர்வதற்குள் அவர் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, அடியிலிருந்த திருகைத் திருப்பி, உயரத்தைத் தன் காலுக்குத் தோதாக ஏற்றிக்கொண்டார்.