ஒரு நாள் காய வேண்டிய நாற்காலி

திண்டிவனத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு மர நாற்காலிகள். ஒன்று என்னுடையது. எதிரே இருப்பது என் வீட்டுக்காரருடையது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதில் யாரையும் நான் உட்கார விட்டதில்லை. நானும் உட்கார்ந்ததில்லை.

போன மாதம் என் நாற்காலியின் கால் ஆட ஆரம்பித்தது. விழுப்புரத்து ஆசாரிக்குப் போன் செய்தேன்.

"அத்தப் போயி யாரு அக்கா ஒட்டிக்கினு கெடப்பாங்க? தூக்கிக் கடாசிட்டு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போடுங்க."

"ஒன்னால ஆவலன்னா போன வையி. மரம் நல்லாத்தான் இருக்குது. நானே பாத்துக்கறேன்."

காலைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டினேன். புதுப் பசை தடவிப் பொருத்தி, கயிறு சுற்றி, குச்சியால் முறுக்கி இறுக்கினேன். ஒரு நாள் முழுக்க அதில் யாரும் உட்காரக் கூடாது.

மத்தியானம் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் முட்டி வலி தாங்கவில்லை. செத்தவர் நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா என்று என்னையே திட்டிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு போய் அதில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் என் நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. டிவி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அத்தனை வருடமும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.