நூற்றுப் பதினெட்டாம் அடுக்கு

புடவைத் தலைப்பால் கணினித் திரையைத் துடைத்துவிட்டுத்தான் ஷியாமளா அடுத்த படத்தைத் திறப்பார். ஒவ்வொரு முறையும். திரையில் ஒட்டியிருந்த தூசியை வாயு மேகம் என்று குறித்துக்கொண்டு அரை நாள் அதன் பின்னால் அலைந்தவர் அவர். "ரெண்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். தொடச்சாத்தான் தெரியும்" என்பார்.

பாலிகஞ்சில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை. எங்கோ ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தில், விண்மீன்களுக்கு நடுவே ஹைட்ரஜன் வாயு எங்கெங்கே எவ்வளவு கிடக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். ரேடியோ தொலைநோக்கி அனுப்பியதை, வாயு நகரும் வேகவாரியாக இருநூற்றுப் பன்னிரண்டு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குப்பையைக் கையால் அழிப்பார். செல்போன் இரைச்சல், விமான இரைச்சல், போதாக்குறைக்குக் குறுக்கே வந்து நிற்கும் நம் பால்வீதியின் சொந்த வாயு. சாயந்திரம் கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். லேக் கார்டன்ஸ் வீட்டில் கணவர் வீரராகவன், "இன்னிக்கு எத்தனை அழிச்சே?" என்று கேட்பதோடு சரி.

மார்ச்சில் ஓய்வு. அதற்குள் கட்டுரை வெளிவந்துவிடும். இதுநாள்வரை நன்றி சொல்லும் கடைசி வரியிலேயே கிடந்த அவர் பெயர், இந்தத் தடவை முதலில். வரைபடத்தின் ஒரு சுருள்கையில் பெரிய ஓட்டை இருந்தது. விண்மீன் வெடித்துத் துளைத்தது என்று குழுத்தலைவர் சந்தீப் நாலு பக்கம் எழுதியிருந்தார். அவரும் தமிழர்தான், இங்கேயே பிறந்து வளர்ந்து, அக்காவை வங்காளியில் 'தி', 'தீதி' என்றே கூப்பிடுகிறவர். "ஷியாமளாதி, அந்த ஹோல்தான் நம்ம பேப்பருக்கே ஹீரோ!"

ஷியாமளாவுக்கு அந்த ஓட்டை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓரம் அத்தனை நறுவிசாகவா இருக்கும்? செவ்வாய்க்கிழமை மத்தியானம் பழைய நோட்டைப் புரட்டினார். எதை அழித்தாலும் தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம். நூற்றுப் பதினெட்டாம் அடுக்கு. ஓட்டை இருந்த அதே இடம். போன துர்கா பூஜை, அஷ்டமி. உடம்பெல்லாம் காய்ச்சல், தெருமுனைப் பந்தலில் டாக் கொட்டு, வீட்டில் உட்கார்ந்து அழித்த அழிப்பு.

நோட்டோடு சந்தீப் அறைக்குப் போனார்.

"நம்மாத்து மேகம்னு நெனச்சு அவாத்து மேகத்தைத் தொடச்சுட்டேன், சந்தீப். அது வெடிச்ச ஓட்டை இல்லே. நான் போட்ட ஓட்டை."

சந்தீப் நோட்டை மூடி அவரிடமே நீட்டினார். "ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும், தீதி. ஆறு மாசம். நீங்க மார்ச்ல போயிடுவீங்க. முதல் பேர் முடிக்கிறவங்களுக்குப் போயிடும். யாருக்குத் தெரியப்போறது? தாக் நா, விட்டுடுங்க."

"அங்க வாயு இருக்கேப்பா."

தம் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. தலைப்பை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே தலைப்பால் திரையையும் துடைத்துவிட்டு, முதல் அடுக்கைத் திறந்தார்.