அவளின் படத்தைப் போடாதேங்கோ

அவள் போய்விட்டாள்... நேற்று விடிய, ஆஸ்பத்திரியில்.

பெயர் எழுதமாட்டேன். படமும் போடமாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன், முழுதும் வாசியுங்கோ.

இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லத்து லாண்டரியில் என்னோடு வேலை செய்தவள். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண். சிட்னிக்கு வடக்கே கடற்கரைப் பக்கம். ஜெர்மன்காரனைக் கட்டி இங்கே வந்தவள்.

இரண்டு பேருக்கும் அரைகுறை டொச் மொழிதான். ஆனாலும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது கதை நிற்காது. என்னை "அக்கா" என்பாள்... நான் பழக்கியது.

அவளின் இடத்தில் கடலைப் பார்த்தபடி தட்டைப் பாறைகள் இருக்கின்றனவாம். அதில் திமிங்கிலம், மீன், கங்காரு எல்லாம் அவளின் ஆட்கள் கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்ந்தால்தான் திமிங்கிலம் எழும்பும் என்பாள்.

பக்கத்தில் ஒரு பாறைக் குகை. சுவர் முழுக்கக் கைகள். கையைச் சுவரில் வைத்து, வாய்க்குள் காவிக்கல்லைக் கரைத்து ஊதினால், கையை எடுத்த பிறகும் கை இருக்கும்.

எனக்கு விளங்கவில்லை என்று ஒருநாள் வாய் நிறையக் கோப்பியை எடுத்தாள். பழைய தலையணை உறையில் என் கையை வைத்து ஊதினாள். வெள்ளைத் துணியில் என் கை... எங்கட மேலதிகாரி, செஃப், வரும் சத்தம் கேட்டதும் அதை மெஷினுக்குள் திணித்துவிட்டு நின்று சிரித்தோம்.

பிறகு எங்கட தமிழ்ச் சங்கத்தின் அந்தப் பொங்கல் விழா. கூட்டிக்கொண்டு போனது நான். சேலை கட்டிவிட்டதும் நான். முன்வரிசை காலியாக இருந்தும் எங்களைத் தூணுக்குப் பின்னால் இருத்தினார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

சங்கத் தலைவர் பேசினார். திரையில் கடற்கரைப் பாறை, செதுக்கிய திமிங்கிலம். கோடு தெரியவேண்டும் என்று யாரோ வெள்ளைச் சோக்கட்டியால் பூசியிருந்தார்கள். அதை நம்முடைய தமிழ் முன்னோர் செதுக்கினார்கள் என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது எங்கட பாறை. ஆர் அதில சோக் பூசினது?"

நான் எழும்பி, இது இந்தப் பிள்ளையின் ஊர்ப் பாறை, இவளிடம் கேளுங்கோ என்று சொன்னேன். தலைவர் என்ன செய்தார்? அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். "பாருங்கோ, எங்கட தொலைஞ்ச சொந்தம் வந்திருக்கு" என்று மைக்கில் சொன்னார். அவளை ஒரு சொல் பேச விடவில்லை. ஃபோட்டோ எடுத்துச் சங்கத்தின் ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

ரயிலில் வரும்போது, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன்.

பொன்னாடையை மடித்து என் மடியில் வைத்தாள். லாண்டரியில் மடிக்கிற மாதிரியே, மூலைக்கு மூலை... ஹம் வரும்வரை நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நோயில் விழுந்து, வருத்தம் கூடிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். அவளின் ஆட்களில் ஒருவர் செத்தால், வீட்டார் சம்மதிக்கும்வரை பெயரைச் சொல்லமாட்டார்கள், படம் காட்டமாட்டார்கள். "அக்கா, விழாவில பிடிச்ச அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லு."

தலைவருக்கு ஃபோன் எடுத்தேன். "அம்மா, அதுக்கு எவ்வளவு லைக் வந்தது தெரியுமோ?" என்றார்.

இன்று பார்க்கிறேன், அதே படம். மாலையும் விளக்கும் ஒட்டி, பெரிய எழுத்தில் அவளின் பெயர். "ஆதித் தமிழ்ச் சகோதரி மறைவு" என்று... கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். என் மகளும் போட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருக்கிறது. எங்களுடையதைப் பறித்துவிட்டார்கள் என்று மேடை மேடையாக அழுகிற ஆட்கள் நாங்கள்...

தலைவர், இதை நீங்கள் வாசிப்பீர்கள். அவளின் மனுசன் இன்று காலை என்னிடம்தான் கேட்டார், ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று. நான் என்ன சொல்ல? எடுங்கோ. பகிர்ந்த எல்லாரும் எடுங்கோ. இதற்குக் கீழேயும் அவளின் பெயரை எழுதாதேங்கோ.

போயிட்டு வா, தங்கச்சி.

வெயில் சாயிற நேரமாப் பார்த்துப் போ.