கப்பல் கரட்

இன்று நுவரெலியா மரக்கறிக் கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. சின்னப் பாய்மரப் படகிலேயே குடித்தனமாம். படகைத் திருகோணமலையில் கட்டிவிட்டு, வாரக்கணக்கில் வைத்துச் சமைக்க மலிவாக மரக்கறி தேடி மலையேறியிருக்கிறார்கள்.

கடைக்கார நானா பளபளவென்று கழுவிய கரட்டை நீட்டினார்.

மண்ணோடுதான் வேண்டுமாம். கழுவினால் சீக்கிரம் அழுகிவிடும், படகில் ஃபிரிஜ் வைக்கக் கட்டுப்படியாகாது என்றார்கள். நான் தமிழில் சொன்னேன்.

"அழுக்குன்னு வெலய கொறைக்கச் சொல்றாங்களா டீச்சர்?"

"இல்ல நானா, அதுதான் நல்லதாம்."

நானா கொஞ்சம் யோசித்தார். "அப்ப கிலோவுக்கு இருபது ரூபா கூட."

சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்து நான் அரைக் கிலோ கேட்டேன்.

"கழுவினதா டீச்சர், கப்பல் கரட்டா?"

வீட்டில் ஃபிரிஜ் இருக்கிறது. ஆனாலும் கப்பல் கரட்டைத்தான் வாங்கி வந்து, இப்போது மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் கீழே கமெண்டில் வந்து சிரிக்கவும்.